கொல்லியும் கொலையும்: ஓர் இலத்தீன் விகுதியின் வரலாறு

அவிநாசியிலிருந்து திருப்பூர் செல்லும் சாலையில் திருமுருகன்பூண்டியைக் கடப்பவர்களுக்கு இரண்டு ஓசைகள் பழக்கமானவை. சாலையோரச் சிற்பக்கூடங்களில் உளி கருங்கல்லைச் செதுக்கும் ஓசை ஒன்று. பனியன் கம்பெனிகளின் தையல் எந்திர இரைச்சல் மற்றொன்று. கம்பெனிக்குள் கட்டிங் மாஸ்டர் மேசையில் அடுக்கிய துணியை வெட்டுகிறார். செக்கிங் பகுதியில் பெண்கள் சிறு கத்தரியால் பிசிறு வெட்டுகிறார்கள். சாலையை விட்டு உள்ளே போனால் மிச்சமிருக்கும் தோட்டங்களில் யாரோ முதுகில் தெளிப்பானைச் சுமந்து மருந்தடித்துக்கொண்டிருப்பார்.

உளி, கத்தரி, பூச்சி மருந்து ஆகிய மூன்றையும் ஆங்கிலம் சிசல், சிசர்ஸ், பெஸ்டிசைடு என்கிறது. மூன்று சொற்களும் ஒரே இலத்தீன் வினைச்சொல்லின் வழி வந்தவை. அந்த வினைச்சொல் 'கைடெரே'. வெட்டு, அடி, வெட்டிக் கொல் என்று அதற்குப் பொருள். சிற்பக்கூடத்தின் பின்னால் கொட்டிக் கிடக்கும் கற்சில்லுகளுக்கும் இந்தக் குடும்பத்தில் இடமுண்டு. வெட்டியெடுத்த கல்லை, கல் சில்லைக் குறித்த இலத்தீன் சொல்தான் மருவி இன்றைய சிமென்ட் ஆனது.

இந்தக் குடும்பத்தில் ஆங்கிலத்துக்கு மிகுதியாகப் பயன்பட்ட உறுப்பு '-சைடு' என்னும் விகுதி. ஹோமிசைடு, சூசைடு, இன்ஃபான்டிசைடு, ஜெனோசைடு, பெஸ்டிசைடு, ஹெர்பிசைடு, ஈக்கோசைடு. செய்தித்தாள் படிக்கும் எவரும் இவற்றில் பாதியையாவது அறிவார். எல்லாமே 'கொல்வது' பற்றியவை என்று பொதுவாகச் சொல்லிவிடலாம். ஆனால் அந்தப் பொதுமைக்குள் முக்கியமான ஒரு வேறுபாடு புதைந்து கிடக்கிறது.

இலத்தீனில் இது ஒரு விகுதி அல்ல, இரண்டு. '-கீடா' என்றால் கொல்பவன். '-கீடியும்' என்றால் கொல்லும் செயல். மனிதனைக் கொன்றவன் 'ஹோமிகீடா', அவன் செய்தது 'ஹோமிகீடியும்'. இச்சொற்கள் பிரெஞ்சுக்குள் நுழைந்தபோது ஈற்றசைகள் தேய்ந்தன. ஆங்கிலத்துக்கு வந்து சேர்ந்தது இரண்டுக்கும் பொதுவான ஒரே வடிவம். அதனால் ஆங்கிலத்தில் 'ரெஜிசைடு' என்றால் அரசனைக் கொன்றவனும் ஆகலாம், அரசனைக் கொன்ற செயலும் ஆகலாம். இடம் பார்த்துத்தான் பொருள் கொள்ளவேண்டும்.

தமிழ் இந்தக் குழப்பத்துக்கு இடம் தருவதில்லை. கொல் என்னும் அடியோடு 'இ' சேர்ந்தால் கொல்லி, 'ஐ' சேர்ந்தால் கொலை. மண்வெட்டியிலும் பாக்குவெட்டியிலும் உள்ள அதே இகரம் பூச்சிக்கொல்லியில் கருத்தாவைக் காட்டுகிறது. நடை, விலை என்பவற்றில் உள்ள அதே ஐகாரம் தற்கொலையில் தொழிலைக் காட்டுகிறது. இன்னொரு படியும் உண்டு. கொன்றது மனிதர் என்றால் தமிழ் பெரும்பாலும் 'கொல்லி' என்பதில்லை. கொலையாளி, கொலைகாரன் என்றே சொல்கிறது. ஆட்கொல்லிப் புலி, உயிர்க்கொல்லி நோய், களைக்கொல்லி மருந்து என விலங்கும் நோயும் பொருளும்தான் கொல்லிகள். பொறுப்பேற்க வேண்டிய மனிதருக்கு ஒரு சொல், பொறுப்பேற்க இயலாத பொருளுக்கு இன்னொரு சொல், நடந்த செயலுக்கு மூன்றாவது சொல். ஓர் ஆங்கில விகுதி இருக்கும் இடத்தில் மூன்று தமிழ்ச் சொற்கள் நிற்கின்றன. மொழிபெயர்ப்பவர் ஒவ்வொரு முறையும் இவற்றில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். அந்தக் கட்டாயத்தை நான் பெரும் பேறாகக் கருதுகிறேன்.

இதே ஒலியில் முடியும் எல்லாச் சொற்களும் உறவினர் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். இலத்தீனில் 'கடெரே' என்றொரு வினை உண்டு. விழு என்று பொருள். இரண்டும் முன்னொட்டு ஏற்கும்போது ஏறத்தாழ ஒரே உருவம் பெறுகின்றன. 'இன்கீடெரே' என்றால் உள்ளே வெட்டு. 'இன்கிடெரே' என்றால் மேலே விழு. குறில் நெடில் வேறுபாட்டில் பொருள் மாறுவது தமிழருக்குப் புதிதல்ல. கொல்லும் கோலும் நமக்கு வேறு வேறுதான். ஆங்கில எழுத்து அந்த வேறுபாட்டைத் தொலைத்துவிட்டது. அதனால் ஆக்சிடென்ட், இன்சிடென்ட், கோஇன்சைடு ஆகியவை விழுதலின் பிள்ளைகள் என்பதும், டிசைடு, கன்சைஸ், பிரிசைஸ் ஆகியவை வெட்டுதலின் பிள்ளைகள் என்பதும் அகராதியைப் புரட்டினால் தவிரத் தெரியாது. முடிவெடுப்பது என்பது இலத்தீனுக்கு வெட்டி எறிவது. தமிழில் 'தீர்' என்னும் அடியிலிருந்து தீர்ப்பும் வருகிறது, ஒருவரைத் 'தீர்த்துக்கட்டுவதும்' வருகிறது.

திருமுருகன்பூண்டிக்கு இந்தச் சொல்லாராய்ச்சியில் இன்னொரு பங்கும் உண்டு. கொங்கு நாட்டின் ஏழு தேவாரத் தலங்களில் ஒன்று இவ்வூர். சேரமான் பெருமாள் தந்த பொருளோடு வந்த சுந்தரரை வேடுவர் வடிவில் வந்த பூதகணங்கள் வழிமறித்துப் பறித்த கதை பலரும் அறிந்தது. அதைவிட நம் பொருளுக்கு நெருக்கமானது தலத்தின் பெயர்க்காரணக் கதை. சூரபத்மனை வென்ற முருகனைப் பிரமகத்தி தோஷம் பற்றியது; காசியப முனிவரின் மகன் அல்லவா சூரன்? அதைப் போக்கிக்கொள்ள முருகன் இங்கே சிவனை வழிபட்டான் என்கிறது தலபுராணம். வேலைச் சன்னிதிக்கு வெளியே வைத்துவிட்டு வந்தான் என்றும் சொல்வார்கள்.

பிரமகத்தியில் உள்ள 'கத்தி' வெட்டுக்கத்தி அல்ல, வடமொழியின் 'ஹத்யா'. கொலைச் செயலைக் குறிப்பது அது. கொல்பவனுக்கு வடமொழியில் வேறு ஈறு உண்டு: சத்ருக்னன் என்ற பெயரில் உள்ள 'க்ன'. பகைவரைக் கொல்பவன் என்று பொருள். ஆக, வடமொழியும் தமிழைப் போலவே கொல்பவனையும் கொலையையும் பிரித்தே வைத்திருக்கிறது. நம் புராணங்கள் இன்னும் ஒரு படி மேலே போயின. பிரமகத்தி என்பது செயலாக இருந்தும், அது உருவம் பெற்றுக் கொன்றவனைப் பின்தொடர்கிறது. திருவிடைமருதூரில் வரகுண பாண்டியனுக்காக அது கோயில் வாசலிலேயே காத்திருப்பதாகக் கதை. செயல் முடிந்த பிறகும் செய்தவரை விடாது என்று நம்பியவர்கள் செயலுக்கும் செய்தவருக்கும் தனித்தனிச் சொல் வைத்திருந்ததில் வியப்பில்லை. பூண்டிக் கதை சூரனையும் அவனை வீழ்த்தியவனையும் ஒரே சமயம் நினைக்கிறது. அசுரன் என்பதற்காகவும் கொலைக்கு விலக்களிக்காத அந்த மனம் எனக்கு வணக்கத்துக்குரியது.

ஆங்கில '-சைடு' சொற்களின் முதற்பகுதி கொல்லப்படுவது எது என்பதையே சொல்லும். ரெக்ஸ் அரசன், இன்ஃபான்ஸ் பேசாப் பிள்ளை, ஹெர்பா புல்பூண்டு. தமிழ்க் கொலைச்சொற்களில் முதற்பகுதிக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. சிசுக்கொலையில் கொல்லப்பட்டவர் இருக்கிறார். படுகொலையில் கொன்ற விதம் இருக்கிறது. ஆணவக்கொலையில் கொன்ற காரணம் இருக்கிறது. இந்தக் கடைசிச் சொல் நம் கண்முன் பிறந்தது. முன்பு 'கௌரவக் கொலை' என்றே எழுதிவந்தோம். ஆங்கிலத்தில் சொன்னதன் நேர்பெயர்ப்பு அது. 2016 மார்ச்சில் இதே திருப்பூர் மாவட்டத்தின் உடுமலைப்பேட்டையில், சாதி மறுத்து மணந்த இளைஞர் பட்டப்பகலில் நடுத்தெருவில் வெட்டிக் கொல்லப்பட்டார். அதைப் போன்ற கொலைகளில் கௌரவம் எங்கே இருக்கிறது என்று கேட்டவர்கள் 'ஆணவக்கொலை' என்ற சொல்லை நிலைநிறுத்தினார்கள். தமிழ்ச் சொல்லாக்கத்தின் அண்மைக்கால வெற்றிகளில் இதை முதலிடத்தில் வைப்பேன்.

இனி கொல்லியின் பக்கம் வருவோம். நெடுங்காலம் '-சைடு' மனிதர்களைப் பற்றிய விகுதியாகவே இருந்தது: மன்னனைக் கொன்றவன், தந்தையைக் கொன்றவன், உடன்பிறந்தவனைக் கொன்றவன். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் அது டப்பாவுக்கும் புட்டிக்கும் ஒட்டும் பெயரானது. இன்செக்டிசைடு, ஜெர்மிசைடு, ஃபங்கிசைடு எல்லாம் அக்காலத்துப் பிறப்புகள். கொலைகாரனுக்கு உரிய விகுதியைப் பொடிக்கும் திரவத்துக்கும் கொடுத்துவிட்டது ஆங்கிலம்.

திருப்பூர்க்காரர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டியது, அந்தப் பொடிகள் எங்கிருந்து வந்தன என்பது. 1860களில் அமெரிக்காவில் உருளைக்கிழங்கு வண்டைக் கொல்லப் பயன்பட்டுப் புகழ்பெற்ற 'பாரிஸ் பச்சை' அதற்கு முன் ஒரு நிறமி. செம்பும் ஆர்செனிக்கும் சேர்ந்த அந்தப் பச்சையைச் சுவர்த்தாளுக்கும் ஆடைக்கும் பூசியிருக்கிறார்கள். அதன் பின் வந்த 'லண்டன் ஊதா' இன்னும் நேரடியானது; அனிலின் சாயத் தொழிற்சாலையில் மிஞ்சிய ஆர்செனிக் கழிவு அது. கொட்ட இடமில்லாத சாயக்கழிவு பூச்சிக்கொல்லி என்ற பெயரில் விலைபோனது. டி.டி.டி.யின் பூச்சி கொல்லும் ஆற்றலை 1939இல் கண்டறிந்த பால் முல்லர் வேலை பார்த்தது சுவிட்சர்லாந்தின் பாசல் நகரிலிருந்த கெய்கி என்னும் சாயக் கம்பெனியில். 1948இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஜெர்மனியின் ஐ.ஜி. ஃபார்பன் என்ற பெருநிறுவனத்தின் பெயரிலேயே 'சாயம்' இருக்கிறது. ஆர்கனோ பாஸ்பேட் பூச்சிக்கொல்லிகளின் தொடக்க ஆய்வுகள் அங்கேதான் நடந்தன. சாயத்தொழிலும் கொல்லித்தொழிலும் ஒரே ஆய்வுக்கூடத்தில் வளர்ந்தவை.

அங்கேதான் வரலாறு மிகக் கொடிய திருப்பத்தை எடுத்தது. கிடங்குகளிலும் துணிமணிகளிலும் பூச்சியையும் பேனையும் ஒழிக்க விற்கப்பட்ட சைக்ளான் பி என்னும் நச்சுவாயு மருந்தை, நாஜிகள் ஆஷ்விட்ஸ் முகாமில் மனிதர்கள் மேல் பயன்படுத்தினார்கள். அதை விற்ற நிறுவனத்தில் ஐ.ஜி. ஃபார்பனுக்கும் பங்கு இருந்தது. பூச்சிக்கொல்லி மனிதக்கொல்லியானது. நடந்துகொண்டிருந்த அழிவுக்கு எந்த மொழியிலும் பெயர் இல்லை. போலந்திலிருந்து தப்பிய யூத வழக்கறிஞர் ரஃபேல் லெம்கின் 1944இல் வெளியிட்ட நூலில் அதற்கொரு பெயர் படைத்தார். இனம் என்று பொருள்படும் கிரேக்க 'கெனோஸ்', அதனோடு இலத்தீனின் '-சைடு'. நான்கே ஆண்டுகளில், 1948 டிசம்பர் 9 அன்று, ஐ.நா. பொதுச்சபை ஜெனோசைடு உடன்படிக்கையை ஏற்றது.

தமிழர்களுக்கு இது தொலைதூரச் சொல் அல்ல. 2015 பிப்ரவரியில் இலங்கையின் வடக்கு மாகாண சபை தன் தீர்மானத்தில் பயன்படுத்திய சொல் அது. ஈழத் தமிழ் எழுத்தில் 'இனப்படுகொலை' என்றும் 'இனவழிப்பு' என்றும் இரு வழக்குகள் இருக்கின்றன. '-சைடு' இருப்பதால் கொலை என்பதே நேரானது என்று தோன்றலாம். ஆனால் 1948 உடன்படிக்கை எண்ணிச் சொல்லும் ஐந்து செயல்களில் கொல்வது ஒன்றுதான். உடலுக்கும் உள்ளத்துக்கும் கடும் கேடு விளைவிப்பது, வாழமுடியாத நிலையைத் திணிப்பது, பிறப்பைத் தடுப்பது, பிள்ளைகளைப் பறித்து வேறு குழுவுக்கு மாற்றுவது ஆகியவையும் அதே குற்றமே. ஆகவே இலத்தீன் விகுதிக்கு நேர்ச்சொல் தேடாமல், சட்டத்தின் பொருளைப் பார்த்தால் 'இனவழிப்பு' என்பதே பொருத்தம். ஈழத்தவர் அந்தச் சொல்லைக் கைக்கொண்டதில் ஆழ்ந்த நியாயம் இருக்கிறது.

அடுத்த சொல்லும் இதே வழியில்தான் பிறந்தது. வியட்நாம் போரில் அமெரிக்கப் படை காடுகள் மீதும் வயல்கள் மீதும் 'ஏஜென்ட் ஆரஞ்ச்' என்ற களைக்கொல்லியை விமானங்களிலிருந்து தெளித்தது. 2,4-டி, 2,4,5-டி என்ற இரண்டு வேதிப்பொருள்களின் கலவை அது. இந்தத் தெளிப்பை எதிர்த்துப் போராடியவர்களில் முன்னணியில் நின்றவர் ஆர்தர் கால்ஸ்டன் என்ற தாவர உயிரியலாளர். தாவர வளர்ச்சியைப் பாதிக்கும் வேதிப்பொருள்கள் பற்றி மாணவராக அவர் செய்த ஆய்வு பின்னாளில் படைத்துறைக்குப் பயன்பட்டது. அது அவரை வாழ்நாள் முழுதும் உறுத்தியது. 1970இல் அவர் முன்வைத்த சொல் 'ஈக்கோசைடு', அதாவது சூழற்கொலை. ஸ்வீடன் பிரதமர் ஓலாஃப் பால்மே 1972 ஸ்டாக்ஹோம் சுற்றுச்சூழல் மாநாட்டில் அதைப் பயன்படுத்தினார். 2024இல் பெல்ஜியம் அதைத் தன் தண்டனைச் சட்டத்தில் குற்றமாகச் சேர்த்தது.

இந்த இரு பிறப்புகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போது ஓர் ஒழுங்கு புலப்படுகிறது. ஒரு கொல்லி தன் லேபிளில் சொன்ன எல்லையைத் தாண்டியபோது, மொழி ஒரு புதிய கொலைச்சொல்லைப் படைக்க நேர்ந்திருக்கிறது. பூச்சிக்கொல்லியின் பின்னால் இனவழிப்பு. களைக்கொல்லியின் பின்னால் சூழற்கொலை. சொல் படைக்கப்படாத இடத்திலும் இந்தத் தாண்டல் நடக்கிறது. 1995இல் இலங்கையில் தற்கொலை வீதம் உலகின் மிக உயர்ந்தவற்றுள் ஒன்றாக இருந்தது. அந்த ஆண்டில் மிகக் கொடிய நச்சுத்தன்மை கொண்ட பூச்சிக்கொல்லிகளை அந்நாடு தடைசெய்தது. அடுத்த சில ஆண்டுகளில் மேலும் சிலவற்றை. 2005க்குள் தற்கொலை வீதம் பாதியாகக் குறைந்தது. விளைச்சல் சரிந்துவிடவில்லை. ஒரு கொல்லியைச் சந்தையிலிருந்து எடுத்ததால் ஆயிரக்கணக்கான உயிர்கள் காக்கப்பட்டன. நம் உழவர் பேச்சில் இதற்கு 'மருந்து' என்றே பெயர். அந்த மென்மையான பெயர் ஆபத்தை மறைக்கிறது, கூடாது என்பேன்.

இந்த ஒழுங்குக்கு விலக்காக இருப்பது நொய்யல். பூண்டிக் கோயிலை ஒட்டிச் செல்லும் நல்லாறு திருப்பூரில் நொய்யலோடு கலக்கிறது. வெள்ளியங்கிரியில் பிறந்து, கோவையையும் திருப்பூரையும் கடந்து காவிரியில் சேரும் இந்த ஆற்றில் சாயப்பட்டறைகளின் கழிவு பல ஆண்டுகள் ஓடியது. பாசனத்துக்கென்று சென்னிமலை அருகே கட்டி 1992இல் திறந்த ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவு தேங்கும் குட்டையானது. கிணறுகள் உப்பாயின, தென்னைகள் பட்டன, ஆயக்கட்டு விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். ஆணைகள் பின்பற்றப்படாத நிலையில் 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூட உத்தரவிட்டது. ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறக்கூடாது என்ற ஏற்பாட்டைச் செய்த பிறகே அவை படிப்படியாகத் திறந்தன.

இங்கே கொல்லி என்று பெயர் கொண்ட பொருள் எதுவும் இல்லை. சாயமும் உப்பும் கொல்வதற்கென்று செய்யப்பட்டவை அல்ல. கொலையாளி என்று காட்ட ஒருவரும் இல்லை. பட்டறை உரிமையாளர், கம்பெனி முதலாளி, விலையைக் குறைத்துக் கேட்ட வெளிநாட்டு வியாபாரி, பார்த்துக்கொண்டிருந்த அதிகாரி, கூலிக்கு வேலை செய்த எங்களைப் போன்றோர் குடும்பங்கள் என எல்லோரிடமும் பொறுப்பு சிதறிக் கிடந்தது. ஆனால் கொலை நடந்தது. அதனால்தான் ஈக்கோசைடுக்கு 'சூழல் சீர்கேடு' என்ற வழக்கமான சொல்லை வைத்துவிட்டுப் போவது எனக்கு உடன்பாடில்லை. சீர்கேட்டில் செய்தவர் மறைந்துவிடுகிறார். சூழற்கொலை என்று சொன்னால் அடுத்த கேள்வி தானாக எழும்: கொன்றவர் யார்? பதில் பல பெயர்களாக இருந்தாலும் அந்தக் கேள்வியைக் கேட்கவைப்பது சொல்லின் கடமை.

அதே திருப்பூரில் இன்று '-சைடு' விகுதி நாள்தோறும் புழங்கும் இடம் ஒன்று உண்டு: ஏற்றுமதித் துணியின் சோதனை அறிக்கை. 1992இல் ஐரோப்பாவில் தொடங்கிய ஓகோ-டெக்ஸ் தரச்சான்று, பருத்தியில் தங்கிய பெஸ்டிசைடு எச்சத்துக்கு வரம்பு வைத்திருக்கிறது. பச்சிளம் பிள்ளைகளின் ஆடைக்கு ஒரு கிலோ துணியில் மொத்தம் 0.5 மில்லிகிராம், மற்றவற்றுக்கு 1 மில்லிகிராம். பெஸ்டிசைடு என்ற அந்த ஒரே தலைப்பின் கீழ் பூச்சிக்கொல்லியும் களைக்கொல்லியும் இலையுதிர்ப்பானும் கலந்து கிடக்கின்றன. பட்டியலை மேலிருந்து வாசித்துக்கொண்டு வந்தால் டி.டி.டி. இருக்கும். 2,4-டி, 2,4,5-டி இரண்டும் இருக்கும். வியட்நாம் காடுகள் மீது பொழிந்தவை, பூண்டியில் தைத்த ஒரு குழந்தைப் பனியனில் இல்லை என்று நாம் கையொப்பமிட்டுச் சொல்லவேண்டியிருக்கிறது.

வியர்வை நாற்றம் வராத உள்ளாடை என்று விற்கப்படும் துணிகளுக்குப் பூசும் 'ஆன்டிமைக்ரோபியல்' மெருகு இன்னொரு கதை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 528/2012 எண்ணிட்ட ஒழுங்குமுறை, இப்படிப் பூசிய ஆடையையும் 'பயோசைடு' சட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டது. எந்தப் பொருளைப் பூசினோம் என்பதை லேபிளில் சொல்ல நேரிடும். இத்தகைய மெருகுகளில் சில நுண்ணுயிரைக் கொல்கின்றன. சில பெருகவிடாமல் தடுக்க மட்டுமே செய்கின்றன. தமிழில் எழுதும்போது இரண்டையும் நுண்ணுயிர்க்கொல்லி என்றே எழுதிவிடுகிறோம். முன்னதைக் கொல்லி என்றும் பின்னதைத் தடுப்பி என்றும் எழுதவேண்டும். இலங்கைப் பாடநூல்களில் களைநாசினி, பங்கசுநாசினி, பீடைநாசினி என்று 'நாசினி' வழங்குகிறது. நமக்கும் கிருமிநாசினி தெரியும். இயற்கை உழவர்கள் வேப்பங்கொட்டைக் கரைசலைப் பூச்சிவிரட்டி என்கிறார்கள், அது கொல்வதைவிட விரட்டுவதால். கொல்லி, நாசினி, தடுப்பி, விரட்டி என்று நான்கு சொற்கள் கையில் இருக்கும்போது ஒன்றை மட்டும் எல்லாவற்றுக்கும் ஒட்டுவது துணிக்கும் நல்லதல்ல, அதை உடுத்துபவருக்கும் நல்லதல்ல. திருப்பூரின் சோதனைக்கூடங்களும் ஏற்றுமதியாளர் அமைப்புகளும் உட்கார்ந்து பேசினால், அறிக்கையின் ஒவ்வொரு வரிக்கும் உரிய தமிழ்ச்சொல்லை ஒரு சிறு கையேட்டில் அடக்கிவிடலாம். சாயம் கலக்கும் தொழிலாளி எந்தப் பீப்பாயில் எது இருக்கிறது என்று தன் மொழியில் வாசிக்க அது போதும்.